பாழடைந்த பழைய வீட்டைக் குடும்பமாக வாங்கிப் புதுப்பித்தல்: முழுமையான வழிகாட்டி

பழைய வீடு ஒன்றை வாங்கலாம் என்ற எண்ணம் வந்தவுடனேயே எந்த அறை யாருக்கு, சமையலறையை எந்தப் பக்கம் மாற்றுவது, சுவருக்கு என்ன நிறம் பூசுவது என்று குடும்பத்தில் பேச்சு தொடங்கிவிடுகிறது. அந்த ஆசைதான் பிறகு வரும் கடினமான மாதங்களைத் தாங்க வைக்கும் என்பதால் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பழைய வீட்டு வேலையில் பணமும் மனமும் வீணாவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான்: கூரை ஒழுகும்போதே சுவருக்குப் பூச்சு வேலை நடக்கிறது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று பேசாமலேயே முன்பணம் கொடுக்கப்படுகிறது. ஆகவே இந்த வழிகாட்டி ஒரே வரிசையைக் கடைப்பிடிக்கிறது. முதலில் குடும்பத்துக்குள் எழுத்து, அடுத்து வீட்டின் நோயைக் கண்டறிதல், அதன் பிறகு நீர், எடை தாங்கும் பகுதிகள், குழாயும் மின்சாரமும். எல்லாம் முடிந்த பின்னரே பூச்சும் நிறமும்.

முதல் படி: குடும்பத்துக்குள் எழுதிக்கொள்ளுதல்

அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாங்கினாலும், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து வாங்கினாலும், வீட்டைப் பார்க்கப் போவதற்கு முன்பே சில கேள்விகளுக்குத் தாளில் பதில் இருக்க வேண்டும். யார் எவ்வளவு பணம் போடுகிறார்? உரிமைப் பங்கு அந்தப் பணத்தின் விகிதத்திலா, சமமாகவா? பெற்றோர் கொடுக்கும் தொகை அன்பளிப்பா, திருப்பித் தர வேண்டிய கடனா? பணம் குறைவாகப் போட்டு உழைப்பை அதிகமாகத் தருபவரின் நாட்கள் கணக்கில் சேருமா? "நமக்குள் எதற்குக் கணக்கு" என்ற சொல் மிகுந்த பாசத்தோடு சொல்லப்படுவதுதான். ஆயினும் அதே பாசம் காக்கப்பட வேண்டும் என்பதற்காகவே கணக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒருவர் விடுமுறை நாட்களை எல்லாம் சாரத்தின் மீது கழித்திருக்க, மற்றவர் பணம் மட்டும் அனுப்பியிருக்க, இருவரும் தாமே அதிகம் சுமந்ததாக நம்பும் நிலை இரண்டாம் ஆண்டில் எளிதில் வந்துவிடும்.

அதைவிட முக்கியமானது, விலகும் வழி. ஒருவருக்கு வேலை மாறலாம், உடல்நலம் குன்றலாம், திருமணம் ஆகலாம், மனம் மாறலாம். விலக விரும்புபவரின் பங்கை முதலில் மற்றப் பங்குதாரர்களுக்கே தர வேண்டும், மதிப்பைக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் நிர்ணயிக்க வேண்டும், பணத்தைக் கொடுக்க ஓர் ஆண்டு போன்ற தவணை இருக்க வேண்டும் என்ற மூன்றையும் முன்பே எழுதிவிட்டால், விலகுதல் சண்டையாக மாறாது. பங்குதாரர் இறந்தால் அவர் பங்கு யாருக்குச் சேரும் என்பது, கூட்டு உரிமை எந்த வகையில் பதிவாகிறது என்பதையும் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பொறுத்தது. சில முறைகளில் உயிரோடிருக்கும் மற்றப் பங்குதாரருக்கும், வேறு சில முறைகளில் இறந்தவரின் வாரிசுகளுக்கும் போகும். இந்த வேறுபாட்டைப் பத்திரப் பதிவுக்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

முடிவெடுக்கும் முறையையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு குறிப்பிட்ட தொகை வரை வேலையைக் கவனிப்பவரே முடிவு செய்யலாம், அதற்கு மேல் எல்லோரும் ஒப்ப வேண்டும் என்ற ஒரே விதி நூறு தொலைபேசி அழைப்புகளை மிச்சப்படுத்தும். தயக்கத்தோடு பேசாமல் இருக்கும் உறுப்பினர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: வீட்டைப் பரிசோதித்தல்

ஒரே முறை பார்த்து வாங்கக் கூடாது. பகலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, முடிந்தால் நல்ல மழை பெய்யும்போதோ பெய்து ஓய்ந்தவுடனோ ஒரு முறை பார்க்க வேண்டும். மூன்றாவது வருகைதான் அதிகம் சொல்லும். கையில் ஒரு டார்ச் விளக்கு, தூக்குக்குண்டு, ரசமட்டம், கூர்மையான திருப்புளி, அளவு நாடா ஆகியவை போதும்.

முதலில் வெளியே நின்று வீட்டைச் சுற்றி வாருங்கள். கூரையின் முகடு நேர்கோடாக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று தூரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். கூரையிலிருந்து வரும் நீர் எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்று விரலால் சுட்டிக்காட்டும் அளவுக்குத் தொடர்ந்து பாருங்கள். வீட்டைச் சுற்றியுள்ள தரை சுவரிலிருந்து விலகிச் சரிய வேண்டும்; முதல் 3 மீட்டரில் 15 சென்டிமீட்டர் இறக்கம் இருந்தால் நல்லது. பல பழைய வீடுகளில் தெருவும் முற்றமும் காலப்போக்கில் உயர்ந்து, வீட்டின் உட்தரை வெளித்தரைக்குச் சமமாகவோ தாழ்ந்தோ போயிருக்கும். இது தீர்க்க முடியாத குறை இல்லை, ஆனால் செலவு பிடிக்கும் குறை.

அடுத்து விரிசல்கள். எல்லா விரிசலும் ஆபத்தல்ல. பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையம் வகுத்து, இன்றும் பொறியாளர்கள் பயன்படுத்தும் அளவுகோலின்படி 1 மில்லிமீட்டர் வரையிலான விரிசல் நிறம் பூசும்போது மறையக்கூடியது. 5 மில்லிமீட்டர் வரை அடைத்துச் சரிசெய்யக்கூடியது. 5 முதல் 15 மில்லிமீட்டர் வரை என்றால் செங்கலைப் பிரித்துச் சில இடங்களில் மீண்டும் கட்ட நேரலாம். அதற்கும் மேல் என்றால் கடுமையான சேதம். அகலத்தைவிட முக்கியமான கேள்வி, அந்த விரிசல் இன்னும் நகர்கிறதா என்பதே. விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டு, இடைவெளியை அளந்து, தேதியை அருகிலேயே எழுதி வைத்தால் சில மாதங்களில் பதில் கிடைக்கும். களிமண் நிலம் ஈரத்தில் பருத்து வறட்சியில் சுருங்கும் என்பதால், மழைக்காலம், வறட்சிக் காலம் இரண்டையும் கடந்து அளந்த பிறகே "நின்றுவிட்டது" என்று சொல்லலாம். படிக்கட்டு வடிவில் செங்கல் இணைப்புகளின் வழியே சாய்வாக ஏறும் விரிசல் அஸ்திவாரத்தின் ஒரு பகுதி இறங்கியதைக் காட்டுவதாக இருக்கலாம். அதன் அருகே உடைந்த குழாயோ பெரிய மரமோ இருக்கிறதா என்று பாருங்கள். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்க்கும்போது சுவர் நடுவில் புடைத்திருந்தால், விரிசல் ஒன்றுகூட இல்லாவிட்டாலும், பொறியாளரை அழைக்காமல் விலை பேசக் கூடாது.

ஓதம் அடித்த சுவரைப் பார்த்தவுடன் "கீழிருந்து ஈரம் ஏறுகிறது" என்று சொல்லிவிடுவது பலருக்குப் பழக்கம். உண்மையில் ஈரத்துக்கு மூன்று வழிகள் உண்டு. தரையிலிருந்து ஏறும் ஈரம் சுவரின் அடிப்பகுதியில், பெரும்பாலும் 1 மீட்டர் உயரத்துக்குள், உப்புப் பூத்த கோடாகத் தெரியும். கூரை, சன்னல் விளிம்பு, குழாய் வழியாக நுழையும் ஈரம் திட்டுத் திட்டாக, மழைக்குப் பின் விரியும். மூன்றாவது, வீட்டுக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்த சுவரில் படிவது. இது காற்றோட்டமில்லாத மூலைகளில் கரும்பூஞ்சையாக வரும். ஒரு முழம் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டி இரண்டு நாட்கள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்பக்கம் நனைந்தால் ஈரம் அறையின் காற்றிலிருந்து வருகிறது; சுவரை ஒட்டிய பக்கம் நனைந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அண்மையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புதிதாக வண்ணம் பூசப்பட்டிருந்தால் அந்தச் சுவரை அதிக நேரம் பாருங்கள்.

மரங்களைத் திருப்புளியால் மெல்லக் குத்திப் பார்க்க வேண்டும். குறிப்பாக உத்திரம் சுவருக்குள் நுழையும் முனைகளையும், கதவுநிலையின் அடியையும். நல்ல மரம் எதிர்க்கும், உளுத்த மரம் உள்வாங்கும். பென்சில் பருமனில் சுவரோடு ஏறும் மண்கோடு கறையானுடையது. மணல் போன்ற சிறு குருணைகள் குவிந்திருந்தால் காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் கறையான். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் உளுப்பூச்சி. மரத்தை அழுகச் செய்யும் பூஞ்சைக்கு மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதால், ஈரத்தை நிறுத்தினாலே அந்த அழுகல் மேலும் பரவாது. மருந்து அடிப்பது அதற்கு அடுத்த வேலை.

கான்கிரீட் தளம் உள்ள வீடாக இருந்தால் கூரையின் அடிப்பகுதியைச் சிறு சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வெற்றோசை வரும் இடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கலாம். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்வதால் கான்கிரீட்டைப் பிளந்து வெளியே தள்ளும். உதிர்ந்த இடத்தில் வெறும் சிமெண்டைப் பூசி மறைத்த வீடுகள் ஏராளம்.

இவ்வளவையும் நீங்களே பார்த்தாலும், பழைய கட்டடங்களில் பழக்கமுள்ள கட்டடப் பொறியாளர் ஒருவரின் எழுத்துபூர்வ அறிக்கை வேண்டும். விற்பவரோ தரகரோ பரிந்துரைக்காத ஒருவராக அவர் இருக்கட்டும். அறிக்கைக்கான கட்டணம் விலைபேசும்போதே பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

மூன்றாம் படி: ஆவணங்கள்

பழைய வீடுகள் பெரும்பாலும் பல வாரிசுகளின் கைகளில் இருக்கும். எல்லா வாரிசுகளும் கையெழுத்திடத் தயாரா, அடமானம் போன்ற வில்லங்கம் உண்டா, பத்திரத்தில் உள்ள அளவும் நிலத்தில் உள்ள அளவும் ஒத்துப்போகின்றனவா, பக்கத்து வீட்டாருக்கு வழி, நீர், பொதுச்சுவர் உரிமை ஏதேனும் இருக்கிறதா என்பதை வழக்கறிஞர் மூலம் உறுதி செய்யுங்கள். கட்டடம் பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டதா என்பதையும் உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். அவ்வாறு இருந்தால் சன்னலை மாற்றுவதற்குக்கூட அனுமதி தேவைப்படலாம்.

நான்காம் படி: செலவுக் கணக்கு

கணக்கை மூன்று தொகுதிகளாகப் பிரியுங்கள். வீடு நிற்பதற்கும் நனையாமல் இருப்பதற்குமான செலவு முதல் தொகுதி, பாதுகாப்பாகக் குடியிருப்பதற்கான மின்சாரம், குழாய், கழிவறை இரண்டாவது, விருப்பத்துக்கானவை மூன்றாவது. முதலிரண்டுக்கும் பணம் கையில் இல்லாதபோது வீட்டை வாங்கக் கூடாது. மூன்றாவதைப் பல ஆண்டுகளில் செய்துகொள்ளலாம். மொத்தத்தின் மேல் 20 விழுக்காடாவது எதிர்பாராச் செலவுக்கென ஒதுக்கி, அதைத் தனிக் கணக்கில் வைத்து, தொடுவதற்கு எல்லோர் சம்மதமும் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டில் ஒரு பூச்சைத் தட்டினால்தான் அடுத்த வேலை தெரியும். வேலை நடக்கும் மாதங்களுக்கான வாடகை, குப்பை அகற்றும் செலவு, காப்பீடு ஆகிய மூன்றையும் மக்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஒப்பந்தக்காரரோடு செய்யும் எழுத்தில் வேலையின் அளவு, பொருளின் தரம், கட்டம் கட்டமாகப் பணம் தரும் முறை ஆகியவை இருக்க வேண்டும். முடிந்த வேலைக்கு மேல் பணம் முன்னோக்கிப் போகக் கூடாது. கூரை வேலைக்கு ஒரு சிறு பகுதியை, ஒரு முழு மழைக்காலம் கடக்கும் வரை நிறுத்தி வைப்பதற்கு அவரும் முன்பே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: நச்சுப் பொருள்களைத் தேடுதல்

உடைக்கத் தொடங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய படி இது. குழந்தைகள் உள்ள குடும்பம் இதைத் தவிர்க்கவே கூடாது. பழைய எண்ணெய் வண்ணப் பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும். அமெரிக்காவில் வீடுகளுக்கான ஈய வண்ணம் 1978-இல் தடை செய்யப்பட்டது, பல நாடுகளில் அதற்குப் பின்னரும் விற்பனையில் இருந்தது. ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது; சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் கருவில் இருக்கும் சிசுவையும் அது பாதிக்கும். உரியும் வண்ணத்தின் ஒரு துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதியுங்கள். ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கக் கூடாது, சூடுபடுத்தி உரிக்கவும் கூடாது. நனைத்துச் சுரண்டி, தூளை ஈரத்துணியால் துடைத்து, உடையை அங்கேயே மாற்ற வேண்டும்.

கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ், கூரைத் தகடுகளிலும் குழாய் உறைகளிலும் பழைய தரை ஓடுகளிலும் இருக்கலாம். உடையாமல் இருக்கும்வரை அதன் ஆபத்து குறைவு. அறுத்தாலும் துளையிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் காற்றில் கலந்து, பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். ஐரோப்பிய ஒன்றியம் 2005-க்குள் அதை முற்றிலும் தடை செய்தது. இதை அகற்றுவது பயிற்சி பெற்றவர்களின் வேலை. குடும்பத்தில் யாரும், எவ்வளவு துணிவு உள்ளவராயினும், இதில் கை வைக்க வேண்டாம்.

ஆறாம் படி: வேலையின் வரிசை

முதல் வாரத்தில் வீட்டை அழகாக்க எதையும் செய்யாதீர்கள். ஒழுகும் கூரையைத் தார்ப்பாயால் மூடி, அடைத்துக் கிடக்கும் வடிகால்களைச் சுத்தம் செய்து, விழக்கூடிய பகுதிகளுக்கு முட்டு கொடுத்து, எல்லா சன்னல்களையும் திறந்து வையுங்கள். பிறகு கூரை, கூரை நீரை இறக்கும் குழாய்கள், சுற்றுத் தரையின் சரிவு. நீர் வேலை முடியும் வரை உள்சுவரைத் தொடக் கூடாது என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். எங்கள் குடும்பம் வாங்கிய வீட்டில், அம்மாவைச் சீக்கிரம் குடியேற்ற வேண்டும் என்ற அவசரத்தில், நானும் அண்ணனும் அவருடைய அறையை முதலில் பூசி நிறமடித்தோம். ஆறே மாதத்தில் அந்தச் சுவர் கொப்புளித்து உதிர்ந்தது. வெளியே செடிகளுக்குப் பின்னால் உடைந்திருந்த மழைநீர்க் குழாய்தான் காரணம். அம்மாவுக்கு அந்தக் குளிர்ந்த அறையில் இருமல் வந்தபோது ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை.

நனைந்த பெருஞ்சுவர் உலர நாளாகும். சுவரின் பருமனில் ஒவ்வொரு 25 மில்லிமீட்டருக்கும் ஒரு மாதம் என்பது கட்டட வல்லுநர்கள் சொல்லும் தோராயக் கணக்கு. ஒரு முழுச் செங்கல் பருமனான சுவருக்கு இதன்படி ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகும். இந்தக் காத்திருப்பில் அஸ்திவாரம், விட்டம், உத்திரம், மாடிப்படி ஆகிய எடை தாங்கும் வேலைகளைச் செய்யலாம். சுவரை அகற்றும் விருப்பம் இருந்தால் கவனம் தேவை. தடுப்புச் சுவராகக் கட்டப்பட்ட ஒன்றின் மேல் காலப்போக்கில் தொய்ந்த உத்திரம் வந்து அமர்ந்திருக்கலாம். வரைபடத்தில் எடை தாங்காத சுவர், நடைமுறையில் தாங்கிக்கொண்டிருக்கும். அதேபோல் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி என்றால் ஒரு டன் எடை. பழைய கூரையின் மேல் அதை வைக்கும் முன் பொறியாளரிடம் கேளுங்கள்.

மின்சாரத்தைப் பகுதி பகுதியாக ஒட்டுப்போடாமல் முழுவதும் புதிதாக இழுப்பதே சரி. ரப்பர் உறை பொடிந்த கம்பிகளும், எர்த் இல்லாத இணைப்புகளும் பழைய வீடுகளில் தீ விபத்துக்கும் மின்தாக்குதலுக்கும் காரணமாகின்றன. 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனத்தைக் கட்டாயம் பொருத்துங்கள். துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய்கள் உட்புறமாக அடைத்துக்கொள்பவை. குடிநீர் வரும் ஈயக் குழாய் எங்கேனும் இருந்தால் உடனே மாற்ற வேண்டும்.

பூச்சு வேலைக்கு வருவோம். பழைய வீடுகள் அதிகம் கெடுவது இங்கேதான். ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824-இல். ஆனால் உலகின் பல பகுதிகளில் இருபதாம் நூற்றாண்டு வரை வீடுகள் சுண்ணாம்பாலும் மண்ணாலும்தான் கட்டப்பட்டன. சுண்ணாம்புக் காரை ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சுவர் சிறிது அசைந்தாலும் உடையாமல் வளைந்து கொடுக்கும். அப்படிப்பட்ட சுவரின் மேல் கெட்டியான சிமெண்டுப் பூச்சைப் போட்டால், ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கலுக்குள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, செங்கலையே பொடியாக்கும். இணைப்புச் சாந்து எப்போதும் செங்கலைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய வேண்டியது சாந்து, செங்கல் அல்ல. ஆகவே உங்கள் சுவர் சுண்ணாம்பில் கட்டப்பட்டதா என்று முதலில் பாருங்கள்: நகத்தால் சுரண்டினால் உதிரும் வெண்மையான, சில இடங்களில் சிறு சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும் சாந்து என்றால் பெரும்பாலும் அதுதான்.

சுண்ணாம்புப் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பும் மூன்று பங்கு மணலும் பரவலாகப் பயன்படும் விகிதம். ஒரு கை கனத்துக்கு ஒரே தடவையில் அப்பாமல், சுமார் 10 மில்லிமீட்டர் கொண்ட மெல்லிய பூச்சுகளாக, ஒன்று இறுகிய பின் அடுத்ததைப் பூச வேண்டும். அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி இறுகுவதால், கடும் வெயிலும் வேகமான காற்றும் படாமல் ஈரச்சாக்கு கட்டிக் காக்க வேண்டும். உறைபனி விழும் காலத்தில் பூசவே கூடாது. மேலே பூசும் நிறமும் சுண்ணாம்பு நீறு போன்று சுவாசிக்கக் கூடியதாக இருக்கட்டும். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். எனவே பயன்படுத்தத் தயாரான நீற்றிய சுண்ணாம்பை வாங்குவதே குடும்பங்களுக்கு நல்லது. இந்தப் பூச்சுக்குப் பழகிய கொத்தனாரைத் தேடிக் கண்டுபிடியுங்கள், அவருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தாலும்.

தளவரிசை, கதவு சன்னல், நிறம் ஆகியவை இதற்குப் பின். பழைய மரக் கதவுகளையும் சன்னல்களையும் அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள். முதிர்ந்த மரத்தால் ஆனவை பல. அழுகிய அடிப்பகுதியை மட்டும் வெட்டிப் புதிய துண்டை ஒட்டுப்போட்டால் இன்னும் ஒரு தலைமுறை நிற்கும்.

ஏழாம் படி: குடும்பமாக உழைத்தல்

குடும்பத்தினர் செய்யத்தக்க வேலைகள் நிறைய உண்டு: பொருள்களை அகற்றுதல், நச்சில்லை என்று உறுதியான பூச்சைத் தட்டி எடுத்தல், செங்கலைச் சுத்தம் செய்து அடுக்குதல், மரத்தைத் தேய்த்து எண்ணெய் பூசுதல், தோட்டம். கூரை ஏறுதல், எடை தாங்கும் சுவர், மின்சாரம் ஆகியவற்றைத் தொழில் அறிந்தவர்களிடம் விட வேண்டும். முடிந்தவரை, தூசு எழும் வேலைகள் முடியும் வரை அந்த வீட்டில் குடியிருக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் ஓர் அறையையும் ஒரு கழிவறையையும் முழுவதுமாக முடித்து, கதவைத் தூசுத்திரையால் அடைத்து, அங்கு மட்டும் இருங்கள். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஓய்வெடுக்க அமைதியான ஓர் இடம் இல்லாமல் போனால் குடும்பமே களைத்துவிடும்.

வாரம் ஒரு முறை, குறிப்பிட்ட ஒரு நாளில், செலவுக் கணக்கையும் அடுத்த வார வேலையையும் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். அந்த நேரத்துக்கு வெளியே வேலையைப் பற்றிய வாக்குவாதம் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொள்வது எங்களுக்குப் பெரிதும் உதவியது. பிள்ளைகளுக்கும் உண்மையான பொறுப்பு கொடுக்கலாம். விரிசல் அளவுகளைத் தேதியோடு குறிப்பேட்டில் எழுதும் வேலையை என் அண்ணன் மகள் பதினொரு வயதில் ஏற்று, ஒன்றரை ஆண்டுகள் ஒரு மாதமும் தவறாமல் செய்தாள். பொறியாளர் இறுதி முடிவெடுத்தது அவளுடைய எண்களைப் பார்த்துத்தான்.

பூச்சு வேலை தொடங்கும் முன் கடைசியாக ஒன்றைச் செய்யுங்கள். திறந்து கிடக்கும் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை அருகில் பிடித்துக்கொண்டு, படம் எடுங்கள். குழாய் எந்த உயரத்தில் போகிறது, மின்கம்பி எந்தப் பக்கம் திரும்புகிறது, பழைய உத்திரத்தின் முனை எங்கே முடிகிறது என்பவை எல்லாம் அதில் தெரிய வேண்டும். அவற்றை அச்சிட்டு, பொறியாளரின் அறிக்கை, சாந்தின் விகிதம், வேலை செய்தவர்களின் பெயர்கள், குடும்ப ஒப்பந்தம் ஆகியவற்றோடு ஒரே கோப்பில் சேர்த்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் இடத்திலேயே வையுங்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பது பங்குதாரர் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.